பதினொன்றாம் கழி

உபெர்னாவிக் மீன் ஆலையில் எடைபோடுகிறாள்
பானிங்குவாக்.
மொத்த எடையில் பெட்டியைக் கழி, பனிக்கட்டியைக் கழி,
மிச்சம் ஹாலிபட்.
நூறு கிராம் தப்பினாலும்
படகுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஆகஸ்டில் இரண்டு நாள் விடுப்பு.
ஹெலிகாப்டர் அவளைப் பனிவிரிப்பின் மேல்
இறக்கிவிட்டுப் போகிறது.
ஆலையில் கழித்ததெல்லாம்
இங்கே எடைபோட வேண்டியது.
வைக்கத்தான் தராசு இல்லை.

துளையிட்டு நட்ட மூங்கில் கழிகள்,
எந்த வெயிலில் வளர்ந்தவையோ.
போன வருடம் இடுப்பளவு தெரிந்தது
இப்போது தலைக்கு மேல் நிற்கிறது.
கழி வளரவில்லை.

பதினொன்றாம் கழி
படுத்துக் கிடந்தது.

நட்ட ஆழம் முழுக்க உருகியதா,
உருகுமுன் காற்று பிடுங்கியதா?
நோட்டில் பென்சில் வெகுநேரம் நின்றது.
"பூஜ்யம் போட்டுவிடாதே, காலியாக விடு"
என்றார் தொலைபேசியில் மோகென்ஸ்.
பூஜ்யம் என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

கோபன்ஹேகனில் அவருக்கு வேறு தொல்லை.
உயரத்தை அளக்கும் செயற்கைக்கோளுக்கு
நேற்றுப் பெய்த பஞ்சும்
நூறாண்டு இறுகிய கட்டியும் ஒன்று.
ஈர்ப்பை அளக்கும் இரட்டைக் கோள்களோ
அடியில் நகரும் பாறையையும் சேர்த்தே நிறுக்கின்றன.
அது என்றோ இறக்கிவைத்த சுமைக்காக
இன்னும் முதுகு நிமிர்த்திக்கொண்டிருக்கிறது.
உருகியும் ஓடாமல்
உள்ளேயே உறைந்துவிடும் நீர் வேறு.
அதைச் செலவில் எழுதக் கூடாது.

மூன்று வழி, மூன்று எண்.
ஒரே சாவை மூன்று பேர் வந்து சொல்வது போல:
நேரம் மாறுகிறது
பெயர் மாறவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.
இங்கே போடுகிற கை
எத்தனையோ ஊர்களில் இருக்கிறது.
அளக்கிற கைக்கு மட்டும் உறை கிழிந்து
விரல் தெரிகிறது.

திரும்பி வந்த அன்று துறைமேடையில்
தம்பி ஊசாக்காக் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
இருபது வருடத்துக்கு முன் அடித்த இரும்பு வளையம்,
கயிறு எட்டவில்லை.
"நிலம் ஏறுகிறது, கடல் இறங்குகிறது" என்றாள்.
"இழுத்துப் பிடித்த கனம் குறைந்தால்
தண்ணீரும் விலகிப் போகும்."

"அப்போது நமக்கு நல்லதுதானே?"

அவள் தெற்கே பார்த்தாள்.
போன தண்ணீர் யார் வீட்டுப் படியில்
ஏறிக்கொண்டிருக்கிறதோ.

"ஒரு முழம் கூட்டிக் கட்டு."

"சரியாக ஒரு முழமா?"

"நாலு விரல்
கூடலாம், குறையலாம்."