பெயர் வெட்டாத ஜாடி

சிமெண்டுச் சாக்கில் சுற்றி
டிவிஎஸ் வண்டியின் கால்வைக்கும் இடத்தில்
கண்டனூரிலிருந்து வந்தது.
முழங்கால்களால் இடுக்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார்
அடைக்கப்பன்.
"ரங்கூன் ஜாடி, மெகரக்கா" என்றார்
ஸ்டாண்டு போடும் முன்பே.

காரைக்குடிக்குள் யார் கொண்டுவந்தாலும் ரங்கூன்தான்.
ராணிப்பேட்டையில் திராவகம் சுமந்ததும் ரங்கூன்.
போன வாரம் ஒருவர் கொண்டுவந்த ரங்கூனுக்கு
அடியில் குவாலியர் என்று இருந்தது.

பங்கு பிரித்தபோது
பித்தளையெல்லாம் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு
போய்விட்டதாம்.
அண்டா, போணி, இட்லிக் கொப்பரை,
கரண்டிக் காம்பில்கூட மூன்று இனிஷியல்.
உளி பட்டால் உடையும் என்று
இதில் மட்டும் யாரும் வெட்டவில்லை.
கடைசிச் சீட்டில் இவருக்கு விழுந்தது.

கவிழ்த்தேன்.
முத்திரை இல்லை, எண் இல்லை,
கப்பல் இல்லை, சிங்கம் இல்லை.
சக்கரத்திலிருந்து நூலால் அறுத்த வளையங்கள் மட்டும்,
கட்டைவிரல் ரேகை பெருத்துப்போனது போல.
கருந்தேன் நிறப் பூச்சு
அடிக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது,
வாய்க்கால் தாண்டத் தூக்கிக் கட்டிய வேட்டி.
ஒரு சொட்டு மட்டும் தவறி இறங்கி
தரைக்கு முன் உறைந்திருந்தது.

விரலை நக்கித் தொட்டேன்.
எச்சிலைக் குடிக்கவில்லை. நன்றாக வெந்த மண்.
முட்டினேன்.
பக்கத்து வீட்டில் யாரோ வெண்கலத் தட்டைக்
கீழே வைத்தது போல் ஒரு சத்தம்.
விரிசல் இல்லை.
மூக்கை உள்ளே விட்டேன்.
உப்பு நார்த்தங்காய், அதுவும் எந்தக் காலத்திலோ.
வாசனைக்கு நான் காசு தருவதில்லை.

தோளில் நான்கு காது இருந்திருக்கவேண்டும்.
மூன்றுதான் இருந்தது.

"நாலாயிரத்து ஐந்நூறு."
"முத்திரை இருந்தா?"
"இருந்தா, முதல்ல அதைத்தான் சந்தேகப்படுவேன்."
எதிர்வரிசைக் கடையில்
நீல மையும் வார்னிஷும் ஒரே அலமாரியில் இருக்கும்.

காசை வாங்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை.
சட்டைப்பையைத் தொட்டார். விட்டார்.
மறுபடி தொட்டார்.
கரண்ட் பில்லில் மடித்த நான்காவது காது
வெளியே வந்தது.
"காட்டினா விலையைக் கொறைப்பீங்கன்னு..."

வெயிலுக்குக் கொண்டுபோனேன்.
பூச்சு பொய் சொல்லும், அழுக்கு பொய் சொல்லும்,
உடைந்த முகத்துக்கு
அதற்கெல்லாம் நேரம் கிடைத்திருக்காது.
சாம்பல் மண். நடுநடுவே குருணை போல வெள்ளை மணல்.
ராணிப்பேட்டை இல்லை. குவாலியர் இல்லை.
ரங்கூனா?
ரங்கூன் என்று வந்து என் கையில் உடைந்ததெல்லாம்
செங்கல் சிவப்பு.
அதற்கும் அப்பால் ஏதோ ஒரு கரை,
பெயர் எனக்குத் தெரியாது.
எது இல்லை என்று தெரிந்தவரைக்கும்
விலை போடலாம்.

"ஏழாயிரம்."

அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம் அதிகம்.
உடைசலைக் காட்டியதற்கு
யாராவது கூட்டித் தருவார்களா?

ரசீதில் ரங்கூன் என்று போடச் சொன்னார்,
பங்காளிகளுக்குக் காட்டவேண்டுமாம்.
எழுதினேன்:
ஜாடி ஒன்று. காது மூன்று. தனியாக ஒன்று.
ஊர் தெரியாது.

பசை இருக்கிறது. ஒட்டவில்லை.
காதை ஜாடிக்குள்ளேயே போட்டுவைத்தேன்.
வாங்க வருகிறவர்
எடுத்து வெயிலில் பார்த்துக்கொள்ளட்டும்.

அடைக்கப்பன் பாதித் தெரு போய்த் திரும்பிவந்தார்.
இன்னும் கேட்பாரென்று
மனதுக்குள் ஒரு ஐந்நூறை எடுத்துவைத்தேன்.

சாக்கை மறந்துவிட்டாராம்.