பெயருக்கு வேலை

மூன்றாம் முறையாக
ம்பாலே மாவட்ட அலுவலகம் போனாள் நம்போஸோ.
மருத்துவச்சிச் சான்றிதழ்
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்திருந்தது.

போன முறை வமிம்பி தொகையை வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டினார்.
தம்பி மோட்டார் சைக்கிளை விற்றான்.
இப்போது வாடகை வண்டியில் ஆளேற்றுகிறான்.

இன்று கணினி அவளை ஏற்கவில்லை.
"உனக்குத்தான் வேலை இருக்கிறதே அம்மா!
மலைமேல் சுகாதார நிலையம், நாலு வருஷமாய்."

எட்டிப் பார்த்தாள்.
அவள் பெயர். அவள் பிறந்த நாள்.
மாதம் தவறாத சம்பளம், மலைப்படி,
சென்ற ஜூலையில் ஒரு பதவி உயர்வும்.

கோபம் பிறகுதான் வந்தது.
முதலில் வந்தது கூச்சம்,
தன்னைவிட நன்றாய் வாழும் ஒருத்தியிடம்
பழைய செருப்போடு போய் நின்றாற்போல.

தம்பியின் பின்னால் அமர்ந்து மலை ஏறினாள்.
பூட்டிய கதவு.
படியில் ஒரு பெண், பனிக்குடம் உடைந்து,
மாமியாரின் கையைக் கடித்துக்கொண்டு.
"நர்ஸ் எப்போது வருவாள்?"
"யார் கண்டது? நம்போஸோவாம் பேர்.
ஒரு நாளும் வந்ததில்லை."

காவலாளிக்கும் சம்பளம் பாக்கி,
சாவி மட்டும் இருந்தது.

வாளித் தண்ணீரில் கைகளை
முழங்கை வரை கழுவினாள்.

பொழுது சாயப் பதிவேட்டைத் தூசி தட்டி
'பிரசவம் பார்த்தவர்' என்ற கட்டத்தில்
பெயரை எழுதும்போது
கை ஒரு கணம் நின்றது,
கள்ளக் கையெழுத்துப் போடுபவள்போல.

வெளியே ஹாரன்.
வண்டிக்கு
மணிக்கணக்கில் வாடகை.