அரை மணி

எங்கள் மாகாணத்துக்கு இரண்டு நேரம்.
தீவில் ஏழு அடிக்கும்போது
லாப்ரடோரில் ஆறரை.
நடை பழகும்போதே பழகிய கணக்கு இது.
பல்கலைக்கழகம் தீவில்.
முதலாண்டுப் பதிவு காலை ஏழுக்கு என்று
கடிதம் சொன்னது.
நான் ஏழுக்கு எழுந்தேன்,
என் ஏழுக்கு.

பந்திக்கு முந்தாதவளுக்கு
இலையின் ஓரம்தான்.
வேதியியல், முதல் பிரிவு: நிரம்பியது.
இரண்டாம் பிரிவு: நிரம்பியது.
மூன்றாவதில் காத்திருப்போர் வரிசை,
எனக்கு முன்னால் பதின்மூன்று பேர்.
அதன் ஆய்வகம் மட்டும்
வெள்ளி இரவு ஏழிலிருந்து பத்துவரை
காலியாகக் கிடந்தது.
வெள்ளி இரவில் யார் வந்து
அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணுவார்கள்?
நான் எண்ணுவேன்.
ஆனால் வகுப்பில் இடமில்லாதவளுக்கு
ஆய்வகமும் இல்லையாம்.

நேற்றிரவு
தானியப் பெட்டியைக் கிழித்து அதன் உட்பக்கத்தில்
ஐந்து நிறத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.
திங்கள் பச்சை, புதன் பச்சை,
செவ்வாய் மதியம் சாப்பிட ஒரு வெள்ளைக் கட்டம்கூட.
இலையுதிர்காலத்தில் வேதியியல் ஒன்று எடுத்தால்தான்
குளிர்காலத்தில் வேதியியல் இரண்டு.
அது இருந்தால்தான் அடுத்த ஆண்டு செல் உயிரியல்.
அடியில் ஒரு செங்கல்லை உருவினார்கள்.
என் நாலாவது ஆண்டு
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தது.

பிறகு இயற்பியல்.
எங்கள் பள்ளியில் அதற்கு ஆசிரியர் இல்லை.
திரையில் ஒருவர் வருவார்.
பனிப்புயல் அடித்தால் உறைந்துபோவார்,
விசைக்கும் முடுக்கத்துக்கும் நடுவில்
வாய் திறந்தபடி.
அவர் மீதியைச் சொல்லி முடித்தாரா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
இயற்பியல் பட்டியலில் நாற்பது இடம் இருந்தது.
விரலை அதன்மேல் வைத்தேன்.
எடுத்தேன்.

வெர்லா செய்தி அனுப்பினாள்,
அவள் வீடு தீவில்:
'ஆறே நிமிஷம். அஞ்சும் கிடைச்சுது. தூங்கப் போறேன்.'
ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.
அதற்குமேல் என் கட்டைவிரலால் ஆகவில்லை.

அம்மா விமானத் தளத்துச் சமையலறையில்
இரவு வேலை முடித்து வந்தாள்.
கழுத்தில் கருஈ கடித்த தடிப்பு,
தலைமுடியில் வறுத்த வெங்காயம்.
'முடிஞ்சுதா?'
'ம்.'
பூட்ஸைக் கழற்றாமலே படுத்தாள்.
முன்பணம் இருநூறு டாலர்,
எத்தனை இரவு வெங்காயம் என்று
கணக்குப் போடத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.

கால்குலஸ் கிடைத்தது, காலை எட்டு மணிக்கு.
ஆங்கிலம் கிடைத்தது.
உயிரியல் கிடைத்தது. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
'பின்னர் அறிவிக்கப்படும்'.
ஆங்கிலத்துக்கும் அவரேதான்.
அந்த மனிதரை எனக்கு
இப்போதே பிடித்துவிட்டது.

ஏழு ஐம்பத்திரண்டுக்கு
புவி அறிவியலில் பூஜ்யம் ஒன்றானது.
எங்கோ யாரோ ஒருவர்
மனம் மாறியிருக்கிறார்;
அல்லது தவறி அழுத்திவிட்டு
இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.
பாறைகளைப் பற்றி நான்
ஒருநாளும் யோசித்ததில்லை.
பாறைமேல்தான் பள்ளிக்கூடம்,
பாறையை வெடிவைத்துத்தான் சாலை,
ஆனாலும் யோசித்ததில்லை.
அழுத்தினேன்.
பச்சையாக ஒரு டிக் விழுந்தது.
தானியப் பெட்டியில் அதற்கு நிறமே இல்லை;
பென்சிலால் தீட்டினேன்.

சாயங்காலம் வேதியியல் வரிசையில்
பதின்மூன்று பேர் ஒன்பதானார்கள்.
முகம் தெரியாத அந்த ஒன்பது பேருக்கும்
வேறு ஊரில், வேறு கல்லூரியில்
நல்ல இடமாகக் கிடைக்கட்டும் என்று
மனதார வேண்டிக்கொண்டேன்.
இதைவிடச் சுயநலமான பிரார்த்தனை
நான் செய்ததில்லை.

வெளியே பத்து மணிக்கும் வெளிச்சம்.
வெர்லாவுக்குப் பத்தரை.
தீவு நேரத்துக்குக் கைபேசியை
இப்போதே மாற்றி வை என்கிறாள்.
மாட்டேன்.
செப்டம்பரில் விமானம் இறங்கும்போது
தானாகவே பிடுங்கிக்கொள்வார்கள்.
அதுவரை
அந்த அரை மணி
என்னுடையது.