குறிப்பு எண் ஏழு

ஏலக்கூடத்தில் மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு
உட்கார்ந்திருக்கிறார்கள் பங்குதாரர்கள்.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
நானூற்றுச் சொச்சம் வந்தாயிற்று, கோரம் உண்டு.
முள்ளிமுனைக் கச்சான் காற்று
ஐந்தொகையை என் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது.
நாலு மூலைக்கும் நாலு எடைக்கல் வைத்தேன்.

சென்ற ஆண்டு நாம் உடைத்தெடுத்த நண்டுச்சதை
பதினோரு டன்.
விற்றுமுதல் தொண்ணூற்றாறு லட்சம்.
தடைக்காலம் அறுபத்தொரு நாள், வரவு பூஜ்யம்.
ஐஸ் எந்திரத் தேய்மானம் நாற்பத்தோராயிரம்.

"எந்திரம் தேஞ்சதுக்குக் கணக்கு இருக்கு,
என் கட்டைவிரல் தேஞ்சதுக்கு?"
பின்வரிசையில் யாரோ. கூடமே சிரித்தது.
ஆடிட்டர் சிரிக்கவில்லை.
பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்,
டிக்கெட்டை நாலாய் மடித்துப் பையில் வைத்திருக்கிறார்,
அதுவும் ஒரு ரசீதுதானே.

அடுத்து, சமூகச் சேவை.
திங்கள் புதன் வெள்ளி
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வேன்.
ஏப்ரலில் ஏறியவர்கள் பதினான்கு.
மார்ச்சில் பதினொன்று.
டீசல் செலவில் மாற்றமில்லை.
அதற்குக் கீழ்வரி:
ஈமச்சடங்கு உதவி, மூன்று இனம், பதினைந்தாயிரம்.

இங்கே தண்ணீர் குடித்தேன்.

நிகர லாபம் மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.
"ஆளுக்கு முந்நூறு" என்றாள் முத்திருளாயி,
நான் வகுத்து முடிக்கும் முன்பே.
ஆளுக்கு நூறு, மீதி வேனுக்கு என்றது நிர்வாகக் குழு.
வேனில் எங்க வீட்டு ஆள் யாரும் ஏறலையே என்றாள் அவள்.
ஏறாமலிரு என்றாள் செய்யதம்மாள்,
அது வாழ்த்தா வசையா என்று
மினிட்ஸில் எழுதத் தெரியவில்லை எனக்கு.
கைகள் உயர்ந்தன.
நண்டுமுள் கிழித்த விரல்களில் துணி சுற்றிய கைகள்,
எண்ண எளிதாய்த்தான் இருந்தது.
தீர்மானம் நிறைவேறியது, ஒருவர் எதிர்ப்பு.
"ஒருவர்னு எழுதாதே. பேரோட எழுது."
எழுதினேன்.

கடைசிப் பக்கம்.
குறிப்பு எண் ஏழு: வாராக்கடன்.
வலைக்கும் இஞ்சினுக்கும் கொடுத்த எண்பத்து நான்காயிரம்.
அடைக்கலசாமி, கார்த்திகையில் போனவர்.
படகு எல்லைக்கு அந்தப் பக்கம்,
படகோடு ஆளும்.

பாக்கியசீலி எழுந்தாள்.
"வாராதுன்னு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை அம்மா,
நூற்றெண்பது நாள் ஒரு பைசா வரவில்லையென்றால்
விதி அப்படி என்றார் ஆடிட்டர்,
கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ஈரமாய் இரண்டு நூறு ரூபாய்த் தாள்.
எடைக்கல்லைத் தூக்கி அதனடியில் வைத்தாள்.
"இப்ப நூத்தெண்பதை மொதல்லேருந்து எண்ணுங்க."

பேனா மூடியைத் திறந்தார், மூடினார்,
பிறகு திறந்து
வாராக்கடன் என்பதை ஒரே கோட்டில் அடித்து
வரவேண்டியது என்று எழுதினார்.
ரசீது போடுங்க என்றார் என்னிடம்.
எண்பத்து நான்காயிரம் இடம் மாறினால்
லாபம் மாறும், எல்லாத் தாளும் மாறும்,
தொண்டியில் கடைசி பஸ்ஸும் போய்விடும்.

"லாபம் கூடுதா?" என்றாள் முத்திருளாயி.
"அப்ப ஆளுக்கு எவ்வளவு?"
அது தாளில் மட்டும் இருக்கிற லாபம் என்றேன்.
தாளிலேயே குடு, வீட்டில் ஒட்டி வைக்கிறேன் என்றாள்.

கரையில் படகுச் சத்தம்.
தராசுக்கு ஆள் வேண்டுமென்று யாரோ கத்த
கூட்டம் பாதி எழுந்துவிட்டது, நன்றியுரைக்கு முன்பே.
எடைக்கற்கள் நாலையும் கேட்டுச் சிறுவன் ஒருவன் வந்து நிற்கிறான்.
இப்போது காற்றுக்கு
நானும் ஆடிட்டரும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.