பத்து மணிக்குத் தெளியும்

கண்கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது
தையநாயகியின் முகமில்லை.
ஆஸ்பத்திரி மின்விசிறியின் இறக்கை விளிம்பில்
அடை அடையாய் அழுக்கு.
அதுவும் ஒரு புகைக்குப் பின்னாலிருந்து.

லென்ஸ் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டர் கதீதே.
மூட்டம் அதில் இல்லை, முன்னால் உள்ள கண்ணாடியில்.
கருவிழியில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

தண்ணீர் ஏறியிருக்கிறது!
இதே வார்த்தையை எத்தனை ராத்திரி
போனில் மேலிடத்துக்குக் கத்தியிருப்பேன்.
மெர்பேங்க் கழிவுநீர் நிலையம்,
நான்கு பம்புகள், இருபத்தாறு வருடம்.

அதனால் கேட்டேன்: பம்ப் எங்கே இருக்கிறது?

அவர் சிரிக்கவில்லை.
மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு
அறுகோணம் அறுகோணமாக வரைந்தார்.
உள்பக்கம் ஒரே ஓர் அடுக்கு,
ராப்பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும்.
இறைக்கும் வரைதான் கண்ணாடி கண்ணாடி.
ரத்தம் அங்கே போவதில்லை, போனால் இருட்டு.
காற்றைக் கண்ணீரில் கரைத்துக் குடிக்கிறதாம்.

வெட்டிய இடத்துக்குத் தையலும் இல்லை.
இரண்டு மில்லிமீட்டர், சாய்வாக.
கண்ணின் அழுத்தமே உள்ளிருந்து கதவைச் சாத்திவிடும்.
நான்-ரிட்டர்ன் வால்வு என்றேன்.
அதேதான் என்றார்.

அறுவையில் சில செத்துப்போயின.
புதிதாக முளைக்குமா?
முளைக்காது. பிறந்தபோது வந்த கூட்டம்தான்.
பக்கத்தில் இருப்பவை கொஞ்சம் அகலமாகி
காலி இடத்தை மூடிக்கொள்ளும்.

வீடு வரும்வரை பேச்சில்லை எனக்கு.
வலிக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டாள்.

பெக்கானி போனது ஒரு ஜூலையில், மூன்றாம் பம்பின் பக்கத்தில்,
கையில் டீ ஃபிளாஸ்க்கோடு.
அவன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை நகராட்சி.
எட்டு மணி ஷிப்ட் பன்னிரண்டானது,
ஒரு பாதி எனக்கு, மறு பாதி அப்பல்சாமிக்கு.
தெருவில் ஒரு நாளும் நாற்றம் எழவில்லை,
ஆகவே யாருக்கும் தெரியாது.
ஓவர்டைம் பணத்தில் பாதி இன்னும் பாக்கி.

ஒரு நாளைக்கு நான்கு தரம் சொட்டு மருந்து.
மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
மேலே பார், மேலே பார் என்பாள்.
இரவில் பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்திரி.
ஜன்னலில் எண்ணெய் ஆலையின் சுடரைச் சுற்றி
ஏழு நிற வளையம்.
ஊரையே லோட்ஷெடிங் அணைத்த ராத்திரியிலும்
உள்ளே அந்த ஒற்றை அடுக்கு ஓடிக்கொண்டிருந்ததை
நினைத்தபடி படுத்திருந்தேன்.

விடிந்தால் பழையபடி மூட்டம்.
இமை மூடிக் கிடந்தால் ஈரம் காயாதாம்.
பழக்கம் விடுமா, நோட்டில் கோடு போட்டேன்:
திங்கள், தெளிந்தது 10.40.
செவ்வாய், 10.15.
புதன், எழுத மறந்தேன்.
வியாழன், 9.30, மழை.
சனி, 8.50, எதிர்வீட்டுக் கேட்டில் துரு.
கடைசிக் கட்டம் பணியாளர் கையெழுத்து.
யாருடையது?
காலியாக விட்டேன்.

ஆறாவது வாரமும் ஒரு மணல் உறுத்துகிறது.
அறுத்த நரம்பு திரும்பி வர மாதங்கள் ஆகும் என்று
சீட்டில் இருக்கிறது.
தையநாயகி டார்ச் அடித்துப் பார்க்கிறாள்.
ஒன்றும் இல்லை என்கிறாள்.
இருக்கிறது என்கிறேன்.
இன்னும் கிட்டே வருகிறாள்,
இடது புருவத்தில் சின்ன வெட்டுத்தழும்பு,
இது எப்போது என்று கேட்கிறேன்.
கல்யாணத்துக்கு முன்னே என்கிறாள்,
கண்ணை மூடாதே.