பின் குத்திய இடம்

மெஹரூன் மகனின் அட்லஸில்
வனுவாட்டு இருக்கவேண்டிய இடத்தில்
ஸ்டேப்ளர் பின்.
நகத்தால் நெம்பினாள்.
துருவோடு ஒரு தீவும் பிய்ந்து வந்தது.
இன்னும் எண்பது இருக்கு, விடு என்றேன்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
பதினோரு வருஷமாய்ப் பெட்டி எண் குறிக்கிறோம்.
அதுங்க போகாத ஊரில்லை.
நாங்கள் எண்ணூர் தாண்டியது
அவள் நாத்தனார் நிக்காஹுக்கு.
அதுவும் ராத்திரி, ஒன்றும் தெரியவில்லை.

சிங்கப்பூர், பிரிஸ்பேன், அப்புறம் போர்ட் விலா.
கரன்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு:
அவளுக்கு ஏலச்சீட்டு
எனக்குக் காதில் கிடப்பது
மிச்சத்துக்குக் கேள்விக்குறி.
அது மட்டும் அழகாய் விழுந்தது.

நூற்றுக்கு மேல் பாஷையாம் அங்கே,
இருப்பதே மூணு லட்சம் சொச்சம் பேர்.
"எப்படிடீ சண்டை போடுவாங்க?" என்கிறாள்
தண்ணி லாரி வந்தால்
உருதுவில் ஆரம்பித்துத் தெலுங்கில் ஏறி
என்னிடம் தமிழில் முடிக்கிறவள்.

பொதுவாய் ஒன்றும் உண்டாம்.
அதில் ரொம்ப நன்றிக்கு
டாங்கியு துமாஸ்.
துமாஸ் யாரு, நம்ம தோமையாரா?
சிரித்ததில் டீ சிந்தி
பிரிஸ்பேன் ஊறிப்போனது.

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"
அவள் வீட்டுக்காரர் கேட்டது நியாயம்தான்.
அட்லஸை மூடி
அரிசி டிரம் மேல் வைத்தாள்.

சாயங்காலம் லாரிக்கு நின்றோம்.
குடத்தை நகர்த்தி
அவளை முன்னால் விட்ட சேட்டம்மாவிடம்
டாங்கியு துமாஸ் என்றாள், முகம் மாறாமல்.

அந்தம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.
"பர்வால்ல, சீக்கிரம் புடி."