மிச்சம்

இரவு இரண்டேகால். சூரமங்கலம்.
ஜன்னலில் ஏற்காட்டு மலை,
எந்த வளைவிலோ ஒரே ஒரு லாரி வெளிச்சம்.

ஓமலூர்ச் செங்கோடன் போனில் கத்துகிறார்:
"ஜவ்வரிசி மூட்டைக்கு நாலாயிரத்து முந்நூறா?
நான் கேக்கவே இல்லீங்க அம்மிணி!"

கேட்ட கணக்கு அவருடையதுதான்.
கேட்ட வாய் வேறு.

பதிவேட்டை விரித்தேன்.
முன்வாசலில் நிற்கும் ப்ராக்ஸிக்கு
நீளம் சரியாக இருந்தால் போதும்:
நூற்றுப் பன்னிரண்டு எழுத்து, ஒரே கோரிக்கை, உள்ளே போ.
உள்ளே இருக்கும் சர்வர் நீளத்தைப் பார்ப்பதே இல்லை.
துண்டு துண்டாய் வாங்கி
பூஜ்யம் வந்ததும் முடிந்தது என்கிறது.

பூஜ்யத்துக்குப் பின்னும் கொஞ்சம் இருந்தது.

வாசலில் பலகை என்று படித்ததை
உள்ளே பல கை என்று பிரித்திருக்கிறார்கள்.
இருவரும் எழுத்துப் பிழையில்லாமல் படித்தவர்கள்தான்.

மிச்சமான அரைக் கோரிக்கை
இணைப்பிலேயே உட்கார்ந்திருந்தது,
அடுத்து வருகிறவர் யாரானாலும் சரி என்று.
தூக்கம் வராமல்
விலைப்பட்டியல் பார்க்க வந்தார் செங்கோடன்.
அவர் தலைக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது.
அவர் சாவியே அதற்கும் கதவைத் திறந்தது.

திருத்தம் நான்கு வரி.
நீளமும் துண்டும் சேர்ந்து வந்தால்
ஏற்காதே. இணைப்பை அறு.
தட்டும்போது மட்டும் விரல் கொஞ்சம் நடுங்கியது;
இந்த வாசலை வைத்ததே நான்தான்.

"யாருங்க போட்டது?"

உள் சர்வரின் பதிவேட்டில்
வந்தவர் எல்லோருக்கும் ஒரே முகவரி:
எங்கள் ப்ராக்ஸியுடையது.

"இருங்கண்ணா, பார்க்கிறேன்" என்றேன்.
ஏலம் பதினொரு மணிக்கு.